கிணற்றடி வரை போனவன்

நாற்பத்திரண்டு கத்தரிகள் ஒரே நேரத்தில் நின்றுபோகும் சத்தத்தை ஆவுடை தன் ஆயுளில் இரண்டு முறை கேட்டாள். முதல் முறை கேட்டபோது அவளுக்கு இருபத்தாறு வயது. கறுக் கறுக்கென்று ஈர இலையைக் கடித்துக்கொண்டிருந்த இரும்புகள் எல்லாம் திறந்த வாய் திறந்தபடி நிற்க, இலந்தைப்பேரி பீடிக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே அதுவரை யார் காதிலும் விழாத சின்னச் சின்ன ஓசைகள், மூலைப் பானையில் தண்ணீர் கசிவதும், ஊறிய இலைக்கட்டு ஒன்று தானாகத் தளர்வதும், குருவம்மாளின் நெஞ்சுக்குள் சளி இழுபடுவதும், ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அந்த அமைதியின் நடுவில் மர ஸ்டூலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த ஆவுடை, அச்சில் இல்லாத ஒரு வாக்கியத்தை வாசித்தாள்.

பீடிக்கடையில் அவள் வேலை அதுதான், வாசிப்பது. காலையில் இலை வெட்டும்போதும், பகலில் தூள் வைத்துச் சுற்றும்போதும், பிறகு நூல் கட்டும்போதும் பெண்களுக்குக் கையும் கண்ணும்தான் ஓடும். காது சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் காதில் பசியும் கவலையும் வந்து பேசும் என்பதால், எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த ஆவுடையை ஸ்டூலில் ஏற்றி உட்காரவைத்து, அவள் சுற்ற வேண்டிய பீடியை ஆளுக்கொரு கைப்பிடியாக மற்றவர்கள் சுற்றி அவள் சுளகில் போட்டுவிடுவார்கள். அதற்கு வாசிப்புக்கை என்று பெயர். கடையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. மடியில் சிந்திய புகையிலைத் தூளை அவரவரே கூட்டி, அவரவரே கொண்டுபோய், தெருவே குடிக்கும் கிணற்றுக்குப் பின்னால் இருக்கும் குழியில் கொட்ட வேண்டும். அடுத்தவள் கையால் தூள் வெளியே போனால் சுற்றுகிறவளின் கைராசியும் கூடவே போய்விடும். கடை தொடங்கிய நாளிலிருந்து அந்தக் குழியில் தூள் விழாத நாள் இல்லை.

அந்த நாவல் பீடிக்கட்டு மடிப்பதற்காக வந்த பழைய தாள் மூட்டையில் கிடந்தது. அட்டையும் முன்பக்கங்களும் போயிருந்ததால் அதற்குப் பெயர் இல்லை, எழுதியவர் யாரென்று தெரியாது, தேடினாலும் இன்னொரு பிரதி கிடைக்காது. அதைக் கண்டெடுத்தவள் குருவம்மாள். ஆவுடையின் அண்ணன் மனைவி. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு மதினியும் நாத்தனாருமாக ஒரே வீட்டில் ஒரே உலையில் பொங்கிக்கொண்டிருந்தவர்கள். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஏழைகளுக்கு மருந்து கொடுக்கும் சிவநேசன் என்று ஒருவன், அவனை ஒழித்துவிட்டு ஊரைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள நினைக்கும் வேதகிரி என்று ஒருவன், இவர்கள் இருவருக்கும் நடக்கும் மல்லுக்கட்டுதான் கதை. ஆனால் இருபத்தாறு அத்தியாயம் கேட்டு முடிப்பதற்குள் அது கதையாக இருப்பதை விட்டுவிட்டது. சிவநேசனுக்குக் காய்ச்சல் கண்ட அத்தியாயத்தில் ஆறு பேர் அம்மனுக்குப் பொங்கல் நேர்ந்துகொண்டார்கள். வேதகிரி பெயர் வரும்போதெல்லாம் மாடத்தி, கடையில் வாய் நீளம் அவளுக்குத்தான், "சவத்து மூதி, இவன் கட்டையில போக" என்று சொல்லி இலையை அளவு தப்பி வெட்டிவிடுவாள். அவளுக்கு அது ஆறாம் மாதம். வயிற்றில் இருப்பதும் அந்தப் பெயரைக் கேட்டால் உதைக்கிறது என்பாள்.

குருவம்மாளுக்கு மட்டும் அதில் வேறொரு கணக்கு இருந்தது. ஒரு வருஷமாக அவள் சளியில் ரத்தம் வந்தது. ஆறு மைல் தள்ளியிருந்த சர்க்கார் ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு முறை ஊசி, மாதக்கணக்கில் விடாமல் போட வேண்டும் என்றார்கள். மூன்று தடவை நடந்து போனாள். நாலாவது தடவை பாதி வழியில் புளியமரத்தடியில் உட்கார்ந்தவள் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"எனக்கு அந்த ஊசி வேண்டாம் ஆவுடை. அந்த மனுஷன் இந்தக் கதையில கடைசி மட்டும் பொழச்சுக் கெடந்தாருன்னா நானும் பொழச்சுக் கெடப்பேன். எனக்கு என்னமோ அப்படித்தான் தோணுது."

"அது அச்சடிச்ச கதை மதினி."

"அச்சடிச்சதுனாலதான சொல்லுதேன். மாத்த முடியாதுல்லா."

ஆவுடை மறுநாளுக்கான பக்கங்களை முந்தின நாள் சாயங்காலமே அடுப்படியில் உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவைப்பாள். இருபத்தேழாம் அத்தியாயத்தைப் பார்த்த சாயங்காலம் உலை பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது அவளுக்குத் தெரியவில்லை. வேதகிரி ஊர்க் கிணற்றில் விஷம் கலக்கிறான். பழியைச் சிவநேசன்மேல் போடுகிறான். சிவநேசனிடம் மருந்து வாங்கிக் குடித்த அதே ஊர் திரண்டுவந்து சிவநேசனை அடித்தே கொல்கிறது. அதற்கு மேலும் எண்பது பக்கம் இருந்தது. அதில் அவன் இல்லை. பாயில் குருவம்மாள் இருமிக்கொண்டே கேட்டாள்: "நாளைக்கு அவரு வாராராட்டி?"

"வாராரு மதினி" என்றாள் ஆவுடை.

மறுநாள் காலை அந்த இடம் வந்தது. *வேதகிரி கிணற்றடி வரை போனான். சற்று நேரம் நின்றான்.* கத்தரிகள் நின்றன. அச்சில் அடுத்து இருந்தது: *மடியிலிருந்த பொட்டலத்தை அவிழ்த்தான்.* ஆவுடை தலையை நிமிர்த்தாமல், குரலும் நடுங்காமல், *பிறகு திரும்பி நடந்தான்* என்று வாசித்தாள். யாரோ மூச்சு விட்டார்கள். மாடத்தி, "பெத்தவ புண்ணியம், சவத்துக்குக் கடைசியில புத்தி வந்துட்டு" என்றாள். கத்தரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மறுபடியும் கடிக்கத் தொடங்கின. குருவம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த நாள் காலை, இலைக்கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில், வேதகிரி பீடிக்கடை வாசலில் வந்து நின்றான்.

யாரும் யாரையும் கேட்கவில்லை. சந்தனநிறப் பட்டு ஜிப்பா, சரிகை அங்கவஸ்திரம், மூன்றாம் அத்தியாயத்தில் நாய் கடித்துத் துண்டுபோன இடது காது மடல், எல்லாம் இருந்தது. அவன்மேல் பழைய தாள் வாசம் அடித்தது. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, இரு கையும் கூப்பி அவன் சொன்னான்:

"தாய்மார்களே, வணக்கம். நேற்று முற்பகல் முதல் அவ்விடத்தில் எனக்கு அலுவல் ஏதுமில்லை. என்னால் ஆகக்கூடிய காரியம் எதுவாயினும் தாங்கள் அருளினால் செய்யச் சித்தமாயிருக்கிறேன்."

"என்னளா இவன் ரேடியோப்பெட்டி மாதிரி பேசுதான்?" என்றாள் மாடத்தி. கடை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. சிரித்துவிட்ட ஆளை விரட்ட முடியாது. மேஸ்திரி பூவலிங்கம் கண்ணாடியை ஏற்றி இறக்கி அவனைப் பார்த்தார். அவருக்கும் கதை தெரியும். கணக்கு மேஜையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"இலை நனைக்கத் தெரியுமாவே?"

"கற்றுக்கொள்வேன் ஐயா."

"தண்ணி எறைக்கணும். அம்பது குடம் ஆகும். பட்டுச் சட்டை தாங்காது பாத்துக்கிடும்."

அன்று மத்தியானமே யாரோ ஒரு பழைய துண்டும் கைலியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். இலைமூட்டை அடுக்கும் கொட்டகையில் ஒரு மூலையை ஒதுக்கிவிட்டார்கள். ஊர் அவனை எடுத்துக்கொண்டது அப்படித்தான். வெளியூரிலிருந்து மருமகனாக வந்தவனை எடுத்துக்கொள்வதைப்போல, முதலில் கேலி, பிறகு வேலை, பிறகு கல்யாண வீட்டில் பந்தி பரிமாற ஒரு கை. ரேஷன் அட்டைக்கு எழுத வந்த குமாஸ்தா தகப்பன் பெயரைக் கேட்டபோது அவன், "ஆசிரியர் குறிப்பிடவில்லை" என்றான். சொந்த ஊர் என்ற இடத்தில் குமாஸ்தா கொஞ்சம் யோசித்துவிட்டு, நாவல் என்று எழுதி, மைஒற்றுத் தாளை அதன்மேல் வைத்து அழுத்தினார். மழைக்காலத்தில் அவன் விரல்நுனிகள் பழைய ஏட்டைப்போல் லேசாகச் சுருளும். பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அடுப்புப் பக்கம் வந்து கொஞ்சம் காயுங்க" என்பார்கள். ஆம், மூன்றாம் மாதத்தில் அவன் வேதகிரி அண்ணாச்சி ஆகியிருந்தான். அவன் பேச்சிலிருந்து தாய்மார்களும் சித்தமும் ஒவ்வொன்றாக உதிர்ந்து, "என்னட்டி", "வாரேன்", "கெடக்கட்டும்" எல்லாம் வந்து ஒட்டிக்கொண்டன.

வந்த பிறகு கழிந்த ஆறு மாதத்தில் அவன் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் ஊரில் கெடுதல் குறையவில்லை. இதை ஆவுடைதான் முதலில் கவனித்தாள். முதலில் விளையாட்டுக்குத்தான்: ஒரு வீட்டில் கோழி காணாமல் போனது, கோழிக்குழம்பு மணத்த வீடு எது என்று தெருவுக்கே தெரியும், ஆனால் குழம்பு வைத்தவள் சிரித்துக்கொண்டே, "வேதகிரி அண்ணாச்சி கைவரிசையா இருக்கும்" என்றாள்; கோழிக்காரியும் சிரித்தாள்; அவனிடம் கேட்டால் அவனும் சிரித்து, "நானாத்தான் இருக்கும்" என்றான். பழி ஏற்பது அவனுக்குப் பழகிய வேலை, கை அதுபாட்டுக்குப் போய் வாங்கிக்கொண்டது. பிறகு பெண்டாட்டியை அடித்தவன், அடிக்கும்போது வேதகிரி தன் கையில் வந்து உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னான். பாலில் தண்ணீர் கலந்தவள், நேற்று அவன் மாட்டைத் தடவிக்கொடுத்தான் என்றாள். கிழவி ஒருத்தியின் கம்மலை அவள் மகனே கழற்றிக்கொண்டு போனான். பஞ்சாயத்தில் விசாரணை அவன் பக்கம் போகாமல் கொட்டகைப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. முன்பெல்லாம் தப்பு செய்தவர்கள் நாலு நாளாவது தலையைக் குனிந்து நடப்பார்கள். இப்போது குனிய வேண்டிய தலை ஒன்று ஊரில் தனியாக இருந்தது. மற்றத் தலைகள் நிமிர்ந்தே திரிந்தன.

கதை வாசிப்பும் நின்றுபோனது. "ஆளே இங்க தண்ணி எறைச்சுக்கிட்டு இருக்கான், புஸ்தகத்துல என்ன இருக்கப்போவுது?" என்றார்கள். ஆவுடை செய்தித்தாள் வாசித்தாள். நாவலை உத்தரத்துக்கும் தகரத்துக்கும் இடையில் செருகிவைத்தாள்.

குருவம்மாள் மட்டும் விடவில்லை. "சிவநேசன் நல்லா இருக்காராட்டி?"

"நல்லாத்தான் இருக்காரு மதினி. எதிராளி இல்லாம நிம்மதியா இருக்காரு."

நன்றாக இருக்கிறார் என்று தெரிந்த பிறகு குருவம்மாளுக்கு உயிர்மேல் ஒரு பிடிப்பு வந்தது. ஒரு நாள் வேதகிரி மேஸ்திரியின் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது அவள் மறுக்கவில்லை. வாரம் இரண்டு நாள், வெயிலோ மழையோ, கேரியரில் சாக்கை மடித்துப்போட்டு அவளை உட்காரவைத்து ஆறு மைலும் மிதித்தான். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் காத்திருந்து திரும்பக் கூட்டிவந்தான்.

"அந்த நல்ல மனுஷனை என்ன பாடு படுத்தினீரு, இப்ப என்னைத் தூக்கிச் சுமக்கீரே" என்று அவள் கேரியரிலிருந்து கேட்பாள்.

"எழுதியிருந்துது மதினி, செஞ்சேன். இங்க யாரும் எழுதலை."

"எழுதாமயே செய்யுதவங்க இங்க நெறைய உண்டும்வே."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பான் அவன்.

ஐப்பசி மழை அந்த வருஷம் பதினோரு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் வேதகிரி மேஸ்திரியிடம் வந்து, "தூள் குழி நெறைஞ்சு கிணத்துப் பக்கமா வழியுது, மண்ணு வெட்டி ஒரு வரப்புப் போட்டுருவோம்" என்றான். மேஸ்திரி மழை விடட்டும் என்றார். மாடத்தி, "அண்ணாச்சி மத்த எதைப் பாத்தாலும் கிணத்தைப் பாக்காதீங்க, எங்களுக்கு வயித்தைக் கலக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனே போய் வரப்புப் போட்டிருப்பான். ஆனால் தூளில் அந்நியக் கை படக்கூடாது. அந்தக் குழிப் பக்கம் மண்வெட்டி எடுத்துப் போகக் கூடாதவன் கடையில் அவன் ஒருவன்தான்.

எட்டாம் நாள் தெருவில் குழந்தைகள் வாந்தி எடுத்தன. தலை சுற்றி விழுந்தன. பெரியவர்களுக்கு வாய் கசந்தது, நெஞ்சு படபடத்தது. ஒன்பதாம் நாள் மாடத்தியின் மூன்று மாதப் பெண்குழந்தை, முந்தின நாள்தான் முதன்முதலாகச் சத்தம் போட்டுச் சிரித்த குழந்தை, சர்க்கரைத் தண்ணீர் ஒரு பாலாடை குடித்துவிட்டுக் கண்ணைச் சொருகிக்கொண்டது. மத்தியானத்துக்குள் இறந்துபோனது.

குழந்தையைப் புதைத்துவிட்டு வரும் வழியில் யார் முதலில் சொன்னார்கள் என்று பிறகு எவருக்கும் தெரியவில்லை. ஆனால் தெருமுனைக்கு வருவதற்குள் எல்லோர் வாயிலும் அந்த வாக்கியம் இருந்தது. *கிணற்றடி வரை போனான். சற்று நேரம் நின்றான். பிறகு திரும்பி நடந்தான்.* எதுக்குப் போனான்? சும்மா ஒருத்தன் கிணற்றடிக்குப் போவானா? போனவன் வெறுங்கையாவா போயிருப்பான்? அங்கே முடிக்காமல் விட்டதை இங்கே வந்து முடித்துவிட்டான். ஆவுடை இரக்கப்பட்டு ஒட்டவைத்த மூன்று சொற்கள், மற்றவர்கள் வாயில் திரும்பத் திரும்பப் புரண்டு, கத்திபோல் கூர்ந்து அவளிடமே திரும்பி வந்தன.

மறுநாள் காலை, இலை வெட்ட எல்லோரும் வந்தார்கள். மாடத்தியும் வந்தாள், மார்பில் பால் கட்டித் துணி நனைந்திருந்தது. வேதகிரியைக் கேட்டது அவள்தான்.

"நீதானா?"

"நான் செய்யலை மாடத்தி."

அவன் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கோழிக்கு ஆமென்றவன், கம்மலுக்கு ஆமென்றவன், இதற்கு மட்டும் இல்லையென்றதை ஒருவரும் நம்பவில்லை.

"ஆவுடை அக்கா, புஸ்தகத்தை எறக்கு" என்றாள் மாடத்தி. "அன்னிக்கு வாசிச்ச இடத்தைத் திரும்ப வாசி. அதுல என்ன போட்டிருக்குன்னு கேப்போம். அச்சுல உள்ளது பொய் சொல்லாது."

ஆவுடை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உத்தரத்தடிக்குப் போனபோது, தண்ணீர்த் தொட்டியருகில் நின்ற வேதகிரியின் பக்கமாக நடந்தாள். வாய்க்குள்ளேயே சொன்னாள்: "அண்ணாச்சி, நான் அதை மாத்தி வாசிச்சுட்டேன்."

"தெரியும் தங்கச்சி. பொட்டலம் இன்னும் என் மடியிலதான் இருக்கு. அவிழ்க்கவே இல்லை. மண்ணுல போட்டாப் பயிரு கெடும், தண்ணியில போடவே கூடாது. எங்கே போடுததுன்னு தெரியாம வச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

"அதை எடுத்துக் காட்டுங்களேன்."

"காட்டினா, வச்சிருக்கான் பாருன்னுதான் சொல்லுவாங்க." அவன் சுருண்ட விரல்நுனிகளைக் கைலியில் துடைத்தான். "நீ உள்ளதை உள்ளபடி வாசிச்சுரு. ஒரு பொய்யில வெளியே வந்தவன், மெய்யை வாசிச்சா உள்ளே போயிருவேன்னு நெனைக்கேன். போயிட்டேன்னா அதோட முடிஞ்சுது."

ஆவுடையும் அப்படித்தான் நினைத்தாள். வேறு எப்படி நினைக்க முடியும்? உள்ளபடி வாசித்தால் இவன் திரும்பிப் போவான், தன் வேலையைச் செய்வான், சிவநேசன் சாவான், மதினி அழுவாள், ஊசி பாதியில் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். ஆனால் இங்கே வாசலை அடைத்துக்கொண்டு வந்து நிற்கும் ஆண்களின் கைக்கு இவன் அகப்பட மாட்டான். ஒரு பொய்யால் வந்ததை ஒரு மெய்யால் சரிசெய்துவிடலாம் என்று படித்தவர்கள் நம்புகிற மாதிரி அவளும் நம்பினாள். பெண்கள் மடியில் இலையை வைத்துக்கொண்டு, வழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதுபோல், வெட்டத் தொடங்கினார்கள். கறுக் கறுக்கென்ற சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி அவள் வாசித்தாள்.

*வேதகிரி கிணற்றடி வரை போனான். சற்று நேரம் நின்றான். மடியிலிருந்த பொட்டலத்தை அவிழ்த்தான். அதிலிருந்த பொடி நீரில் விழுந்த ஓசைகூடக் கேட்கவில்லை.*

நாற்பத்திரண்டு கத்தரிகளும் நின்றன.

ஆவுடை தொட்டிப் பக்கம் பார்த்தாள். அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். நிற்காமல் போய்விட்ட பஸ்ஸைப் பார்ப்பவனைப்போல் அவன் புத்தகத்தைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் புரட்டிப் பார்த்தான். தோல், நகம், தண்ணீர் இறைத்துக் காய்த்த தழும்பு, எல்லாம் இருந்தன. ஆறு மாதம் உழைத்த உடம்பு அச்சுக்குள் போகாது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

"அவிழ்க்கலைளா" என்றான் அவன், அவர்களுடைய பேச்சிலேயே. "யம்மா, நான் அவிழ்க்கலைளா."

மாடத்தி எழுந்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவள். பிறகு எல்லோரும். எழுந்து போகும்போது கத்தரியைச் சுளகில் வைத்துவிட்டுப் போவது கடையின் வழக்கம். அன்று யாரும் வைத்துவிட்டுப் போகவில்லை.

அவனைக் கிணற்றடிக்கு இழுத்துப் போகும்போதே ஆவுடை பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தில்தான் இருந்தது: செய்யாத குற்றத்துக்காக ஒருவனை ஊர் எப்படி அடித்துக் கொன்றது, கல்லை எடுத்த ஒவ்வொரு கையிலும் முன்பு அவன் கொடுத்த மருந்துப் புட்டி எப்படி இருந்தது, பிறகு உண்மை தெரிந்து அவர்கள் எப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள் என்பதெல்லாம் வரிவரியாக அங்கே இருந்தது. அதைக் கேட்டால் நின்றுவிடுவார்கள். அவள் தொண்டை நரம்பு புடைக்க வாசித்தாள். கிணற்றடியிலிருந்து வரும் சத்தத்துக்கு மேல் குரலை ஏற்றி ஏற்றி, ஒரு சொல்லைக்கூட விடாமல், ஒரு சொல்லைக்கூடச் சேர்க்காமல், சிவநேசனின் கண் மூடும்வரை வாசித்து முடித்துத் தலையை நிமிர்த்தியபோது கடையில் நாற்பத்தொரு சுளகுகள் ஆளில்லாமல் கிடந்தன. மூலையில் எழுந்திருக்க முடியாமல் குருவம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் கத்தரி அவள் சுளகில் இருந்தது.

"அப்ப அவரு செத்துட்டாரா?" என்றாள்.

"ஆமா மதினி."

"எப்ப?"

"நான் மாத்தி வாசிச்ச அன்னிக்கு."

குருவம்மாள் மடியிலிருந்த இலையை எடுத்துச் சுளகில் வைத்தாள். வெளியே சத்தம் அடங்கியிருந்தது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அழுதிருப்போம்ட்டி" என்றாள். "அழுதுட்டு எலையை வெட்டியிருப்போம்."

கிணற்றடியில் வேதகிரியின் ரத்தம் சிவப்பாகத்தான் இருந்தது. மையாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். அவன் மடியிலிருந்து உருண்ட பொட்டலத்தை மாடத்திதான் எடுத்தாள். நூல் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சுகள் மூன்றும் முடிச்சாகவே இருந்தன. முடிச்சுப் போட்டே கைதேய்ந்த பெண்கள் அவர்கள், அவிழ்த்துக் கட்டிய முடிச்சு எது, அவிழாத முடிச்சு எது என்று பார்த்தவுடன் தெரியும். அதற்குப் பக்கத்தில்தான் குழி பழுப்புத் தண்ணீராக வழிந்து, விரல் அகலத்துக்கு ஓடையாகக் கிணற்றின் உடைந்த சுவர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது; அதையும் எல்லோரும் பார்த்தார்கள். மாடத்தி பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு அந்தப் பழுப்புத் தண்ணீரில் கையை வைத்தாள், எடுத்து முகர்ந்தாள். தினமும் தன் மடியிலிருந்து அள்ளிப்போடும் தூளின் வாசம் அது. அவள் அன்றைக்கு அழவில்லை. அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து ஒரு கேலிகூட வந்ததில்லை.

போலீஸ் வந்தது. ரேஷன் பதிவேட்டைப் புரட்டினார்கள். தகப்பன் பெயர் இல்லை, ஊர் நாவல். அப்படி ஓர் ஆள் இருந்ததற்கு அத்தாட்சி இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். கொலை என்றால் ஆள் வேண்டும் அல்லவா. அடுத்த வாரம், யாரும் யாரிடமும் காரணம் சொல்லாமல், நாற்பது குடும்பத்து ஆண்களும் சேர்ந்து குழியை மண் போட்டு மூடி, கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தார்கள். தண்ணீர் தெளிந்தது. தெருவில் பழையபடி கோழிகள் காணாமல் போயின. அதற்கு யார் பெயரையும் சொல்ல ஆள் இல்லாததால் கொஞ்ச நாள் எல்லோரும் ஒருவரை ஒருவர் வாய்க்குள் திட்டிக்கொண்டு நடந்தார்கள், பிறகு கிழக்கே குடியிருந்த ஒரு வண்ணான் குடும்பத்தைச் சொல்லத் தொடங்கினார்கள்.

ஆவுடை ஸ்டூலிலிருந்து இறங்கினாள். மற்றவர்களோடு தரையில் உட்கார்ந்து இலை வெட்டினாள். வாசிக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை; இரண்டு வருஷம் கழித்து மேஸ்திரி ஒரு ரேடியோப்பெட்டி வாங்கிவைத்தார். அது பேசத் தொடங்கிய முதல் நாள், "தாய்மார்களே" என்று ஒரு குரல் வந்ததும் மேஸ்திரி எழுந்துபோய்ப் பாட்டு வைத்தார். அந்த நாவலில் மீதியிருந்த எண்பது பக்கத்தை அவள் யாருக்கும் வாசிக்கவே இல்லை. அது உத்தரத்தில் செருகியபடி இருந்து, கரையான் தின்று, ஒரு நாள் மண்ணாகக் கொட்டியது.

குருவம்மாள் மீதி ஊசிகளுக்குத் தனியாக நடந்தே போனாள். புளியமரத்தடியில் உட்காருவாள், எழுந்து மேலே நடப்பாள். சித்திரையில் அவள் சளியில் ரத்தம் நின்றது. அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம் பீடி சுற்றி, எழுபத்திரண்டாம் வயதில், காய்ச்சலில் இறந்துபோனாள்.